பாதுகாக்கப்பட்ட நாற்பத்திரண்டாவது கார்

பாசோ ஹோண்டோவில் பஸ் நிலையத்துக்கு எதிர்வீட்டுக்காரி சுல்மா பெரேய்ரா, மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தன் கார் ஷெட்டின் கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். ‘பழைய கார் விற்பனைக்கு. ஓடாது. கூரை இல்லை. பழுதுபார்த்து ஓட்ட ஆசை உள்ளவர்கள் வரலாம். உள்ளே இருக்கும் கோழி விலையில் சேராது’ என்று அதில் எழுதியிருந்தது. ஓர் ஆணையம் மூன்று மாதம் ஆராய்ந்து எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைவிட அந்த அட்டையில் உண்மை அதிகம் இருந்தது. ஆனால் அட்டைக்கு முத்திரை கிடையாது.

எங்கள் ஊரில் மழை பிடித்துவிட்டால் யாருக்கும் கை வேலையில் நிற்காது. மாவைத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் பொரித்த தோர்த்தா ஃப்ரீத்தா சுடச்சுடக் கைக்கு வந்தாக வேண்டும். வெயில் அடித்தால் அதை ஒருவரும் சீந்த மாட்டார்கள். ஆகவே சுல்மாவின் தொழில் மழையில் நின்று செய்கிற தொழில். வீட்டு முன்னால் நாலு கம்பம் நட்டு, மேலே ஒரு வளைந்த தகரத்தைப் போட்டு, அதன் கீழ் அடுப்பு வைத்திருந்தாள். போன ஆகஸ்டில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தின் நடுவில், காற்று பக்கவாட்டில் அடித்து மழை சட்டிக்குள் விழுந்தது. கொதிக்கிற கொழுப்பு தெறித்து, இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. அடுத்த குளிர்காலமும் இப்படி வெளியில் நின்றால் என்னிடம் வராதே என்று மருத்துவமனை டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்பை ஷெட்டுக்குள் மாற்றலாம்தான். நல்ல துத்தநாகத் தகடு போட்ட, சொட்டு ஒழுகாத ஷெட். ஆனால் அந்தக் கூரையின் கீழ் முப்பத்தெட்டு வருஷமாக, கூரையில்லாத அந்தக் கார் சொகுசாகக் குந்தியிருந்தது.

கார் பிறக்கும்போது கூரையோடுதான் பிறந்தது. 1951ஆம் வருஷத்து ஹால்ஸ்டன், நாலு கதவு, பாதிரியார் ஏறக்கூடிய மாதிரி அடக்கமான வண்டி. சுல்மாவின் காலஞ்சென்ற கணவன் வால்டெமார் அதை வாங்கின வருஷம், கார்னிவல் ஊர்வலத்தில் ராணியை ஏற்றிப்போகத் திறந்த கார் ஒன்று வேண்டும் என்று ஊர்க் கமிட்டி கேட்டது. அந்த வருஷத்து ராணி மருந்துக்கடைக்காரரின் மகள். வால்டெமார் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அறுத்துக் காரின் கூரையைக் கழற்றிவிட்டான். பின்னால் நாலு போல்ட் போட்டு ஒரு நாற்காலியை முடுக்கி, வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை வண்டி முழுக்கப் பூசினான். மூன்று தெரு போவதற்குள் எஞ்சின் கொதித்து மாதா கோயில் வாசலில் நின்றது. ராணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மிச்ச ஊர்வலத்தை நடந்தே முடித்தாள். ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்ட கார் பிறகு அசையவில்லை. சுல்மா புருஷனோடு ஒரு வாரம் பேசவில்லை. கார் கெட்டதற்காக இல்லை.

அறுத்த கூரையை வால்டெமார் தூக்கிப் போடவில்லை. நாலு கம்பத்தின் மேல் வைத்தான். சுல்மாவின் அடுப்புக்கு மேலே இருந்த வளைந்த தகரம் அதுதான்.

அட்டை தொங்கிய அன்று சாயங்காலமே காபினோ வந்தான். பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா உட்காரச் சொல்கிறார்கள் என்று ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டு திரிந்தான். காரின் அடியில் புகுந்தவன் அரை மணி நேரம் கழித்து, புதையல் எடுத்த முகத்தோடு வெளியே வந்தான்.

“எஞ்சின் இறுகிப்போயிருக்கு, பிரேக் கிடையாது, தரை ஓட்டை. அருமையான வண்டிக்கா” என்றான்.

கூரை எங்கே என்று கேட்டான். சுல்மா அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அது அங்கயே இருக்கட்டும். நீங்க நனையாம இருந்தாப் போதும். நான் வேற தகரம் பாத்துக்கறேன்.”

விலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மறுநாள் இருவரும் பத்திரம் எழுத நோட்டரியிடம் போனார்கள். நோட்டரி காரின் வயதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஐம்பது வயது தாண்டிய எந்த வண்டியையும் விற்பதற்குமுன், பழம்பெரும் வாகனங்கள் மாண்புக் காப்பு ஆணையத்திடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் வாங்க வேண்டுமாம். சும்மா ஒரு சம்பிரதாயம், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். அவர் நல்ல மனுஷர், அதை நம்பித்தான் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் ஆணையத்தின் இன்ஸ்பெக்டர் பராயோலா தலைநகர் மோண்டெவிடியோவிலிருந்து பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், இடது கையில் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சுகிற குடுவை. நம் நாட்டில் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கை அதிலேயே போய்விட்டதால், அவரால் படிவத்தைப் பிடிக்க முடியும் அல்லது எழுத முடியும், இரண்டும் முடியாது. குனிந்தால் ஃபிளாஸ்க் நழுவும் என்பதால் குனியவும் மாட்டார். ஆகவே சுல்மா குனிந்தாள். ஆணையத்தின் முதல் அறிக்கை அவள் முதுகின் மேல் வைத்துத்தான் எழுதப்பட்டது.

மேற்கூரை எந்த வகை என்று பராயோலா கேட்டார். கித்தானா, தோலா, ரப்பர் துணியா?

“தகரம் சார். என் வீட்டுக்காரர் ரம்பத்தால அறுத்துட்டார். அதோ அடுப்பு மேல இருக்கு பாருங்க.”

பராயோலா பார்த்தார். மேலே தகரம், கீழே சட்டி, சட்டியில் பொரிந்துகொண்டிருந்த தோர்த்தா ஃப்ரீத்தா. கண் தோர்த்தா ஃப்ரீத்தாவில் நின்றது.

“அம்மா, உரிமையாளர் சொல்றது வெறும் சொல்லு. அதிகாரி பாக்கறதுதான் ஆதாரம்” என்றார். “படிவத்துல மூணே கட்டம்தான் இருக்கு. அறுத்ததுன்னு கட்டம் இல்ல. இல்லாத கட்டத்துல நான் எப்படி டிக் போடறது?”

கித்தான் என்று டிக் போட்டார். கித்தான் கூரை காலப்போக்கில் காணாமல் போனது என்று பக்கத்தில் எழுதினார். ரம்பம் பல்லுப்பல்லாகக் கடித்திருந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, கைவினை வேலைப்பாடு என்று குறித்தார். கோழியைப் பற்றி விசாரித்து, கட்டம் இல்லாததால் அதைப் பயணி என்ற இடத்தில் சேர்த்தார். கிளம்பும்போது இரண்டு தோர்த்தா ஃப்ரீத்தா தின்றுவிட்டு, மேலதிக ஆய்வு முடியும்வரை ஷெட்டுக்குள் கூட்டக்கூடாது என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். தூசியும் ஆவணமாம்.

மே மாதம் நிபுணர் குழு வந்தது. தலைமை, ஆணையத்தின் தலைவர் ஆர்க்கிடெக்ட் எவரிஸ்தோ லாமாஸ். அவர் கட்டிய வீடு எதையும் யாரும் பார்த்ததில்லை, ஆனால் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லாமல் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவரும் கூட வந்த மூவரும் ஆளுக்கொரு ஃபிளாஸ்க் வைத்திருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து எழுதக்கூடிய கை நாலுதான், அதில் ஒன்று தலைவருடையது, அது எழுதாது.

அவர்கள் கொண்டுவந்த தடித்த புத்தகத்தில் நாலு கதவு வைத்த திறந்த ஹால்ஸ்டன் எங்கேயும் இல்லை. இரண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்தார்கள். சுல்மாவுக்கு நெஞ்சில் கொஞ்சம் நிம்மதி வந்தது. அப்படி ஒன்று கம்பெனி செய்யவே இல்லை, அதுதான் புத்தகத்தில் இல்லை என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

லாமாஸ் அவளைப் பரிவோடு பார்த்தார். “புத்தகத்துல இருக்கிற கார் பத்தாயிரம் இருக்கும்மா. புத்தகத்துலகூட இல்லாத காரு, உலகத்துலேயே இது ஒண்ணுதான்.”

பிறகு நடந்தது எதுவும் சுல்மாவின் கையில் இல்லை. பின்பக்கத் தரையில் வால்டெமார் போட்ட நாலு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். கொடிக்கம்பம் நட்ட ஓட்டை என்றார் ஒருவர். கொடிக்கம்பம் இருந்தால் அரசு முறைப் பயணம் என்றார் இன்னொருவர். பதறிப்போன சுல்மா உள்ளே ஓடி, கார்னிவல் அன்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். நீலக் கார், பின்னால் நாற்காலியில் தலையில் அட்டைக் கிரீடத்தோடு கையசைக்கிற பெண். மருந்துக்கடைக்காரர் மகள், இப்போது ரிவேராவில் பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள், வேண்டுமானால் போன் நம்பர் தருகிறேன் என்றாள். போட்டோ கை மாறிக் கை மாறிப் போனது. யாரும் நம்பர் கேட்கவில்லை. அறிக்கையின் எழுபத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘முடிசூடிய அரசி ஒருவர் இந்த வாகனத்தில் பயணம் செய்ததற்குப் புகைப்பட ஆதாரம் உள்ளது. எந்த நாட்டு அரசி என்பது ஆய்வில் உள்ளது.’

காபினோ அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தான். பிறகு, கோழியைப் பற்றியாவது சரியாக எழுதியிருக்கிறார்களா என்று கேட்டான். அதையும் பயணி என்றுதான் எழுதியிருந்தார்கள்.

ஜூன் மாதம் பலகைத் திறப்பு விழா. ஷெட் சுவரில் வெண்கலப் பலகை பதித்தார்கள். ‘இங்கே அரசி பயணித்த ஹால்ஸ்டன் பாதுகாக்கப்படுகிறது.’ விற்கக்கூடாது, நகர்த்தக்கூடாது, துடைக்கக்கூடாது, பழுதுபார்க்கவே கூடாது என்று உத்தரவு வாசிக்கப்பட்டது. சுல்மா பொறுப்பாளராக நியமிக்கப்பட்டாள், சம்பளம் இல்லாமல். அவள் தழும்பு விழுந்த இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்டது, ஷெட் போய்விட்டது. அழுகை முட்டியது. நாலு ஃபிளாஸ்குக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

லாமாஸ் மேடையேறினார்.

“இருபத்திரண்டு ஆண்டுகளில் நாற்பத்தொரு கார்களை இந்த ஆணையம் தன் பாதுகாப்பில் எடுத்திருக்கிறது” என்றார். “எடுத்தபோது அவற்றில் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தன. இன்று ஒன்றுகூட ஓடவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். கார் கெடுவதற்கு முதல் காரணம் அதை ஓட்டுவது. இரண்டாவது காரணம் அதைப் பழுதுபார்ப்பது. இவ்விரண்டு தீமைகளையும் ஒழித்துவிட்டோம். இந்த ஊரில்கூட ஒருவர் இந்தக் காரை ஓடவைக்கத் திட்டமிட்டிருந்தார் என்று அறிந்து அதிர்ந்தேன். நல்ல வேளை, நாங்கள் முந்திக்கொண்டோம்.”

கூட்டம் கைதட்டியது. ஒரு கையில் மாத்தே இருந்தவர்கள் தொடையில் தட்டிக்கொண்டார்கள். அந்த ஒருவர் மூன்றாவது வரிசையில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

பேச்சு முடிவதற்குள் மழை கொட்டியது. மாண்பு மிக்க ஷெட்டுக்குள் யாரும் நுழையக்கூடாது என்று அவர்களே உத்தரவு போட்டிருந்ததால், ஆணையம் முழுவதும் ஓடிவந்து சுல்மாவின் அடுப்புத் தகரத்தின் கீழ் நெருக்கியடித்து நின்றது. அவள் பொரித்துப் பொரித்துக் கொடுத்தாள். லாமாஸ் மூன்றாவதைத் தின்றுகொண்டே தலைக்கு மேலே விரல் முட்டியால் தட்டினார்.

“இது என்னம்மா அசிங்கமான தகரம்? நினைவுச் சின்னத்துக்கு நேர் எதிர்ல.”

“அதுதான் சார் அந்தக் காரோட கூரை.”

லாமாஸ் பராயோலாவைப் பார்த்தார். பராயோலா தலையை ஆட்டினார். இந்தப் பெண்மணி இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம், விதவை என்று அதற்கு அர்த்தம். பத்து நாளைக்குள் தகரத்தைக் கண்ணில் படாமல் அகற்ற வேண்டும் என்று லாமாஸ் அங்கேயே உத்தரவு எழுதவைத்தார். எழுதின தாள் நனையாமல் இருந்தது அந்தத் தகரத்தின் உபயம்.

“எங்க சார் கொண்டுபோய் வைக்கறது?” என்று கேட்டாள் சுல்மா.

“ஷெட்டுக்குள்ள எங்கயாவது போட்டு வைங்க. வெளியில தெரியக்கூடாது, அவ்வளவுதான்.”

அன்று இரண்டு கூரையையும் இழந்த சுல்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. ஊர் மழையில் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு அவள் வாசலைக் கடந்து போனது. நாலாம் நாள் காபினோவைக் கூப்பிட்டாள். உத்தரவை மீறினால் அபராதம், ஆகவே தகரத்தை இறக்கியாக வேண்டும். இருவரும் கம்பத்திலிருந்து அதை இறக்கி ஷெட் வாசலுக்குத் தூக்கிவந்தார்கள். உள்ளே பார்த்தால், வைக்க இடம் இல்லை. காருக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். நிமிர்த்தி வைத்தால் கூரை இடித்தது. தரையில் தூசி, அது ஆவணம். மிஞ்சியது ஒரே இடம்.

அதைக் காரின் மேல் இறக்கினார்கள். ரம்பப் பல் ரம்பப் பல்லுக்குள் போய் உட்கார்ந்தது. வால்டெமார் அந்த இரண்டு நாளும் எவ்வளவு நேர்கோடாக அறுத்திருக்கிறான் என்று சுல்மா அப்போதுதான் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்துக் கோபத்தில் கொஞ்சம் அந்த இடத்தில் குறைந்தது. சரிந்து கோழி மேல் விழுந்துவிடக் கூடாது என்று காபினோ ஆறு போல்ட் போட்டு முடுக்கினான்.

ஜூலையில் பராயோலா மாதாந்திர ஆய்வுக்கு வந்தார். ஷெட் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். படிவத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். நாலு கதவு, நீலப் பெயிண்ட், கோழி எல்லாம் இருந்தன. ஆனால் படிவத்தில் கூரை இல்லை, எதிரில் இருந்த வண்டிக்குக் கூரை இருந்தது.

“திறந்த கார் எங்க?”

“இதுதான் சார் அது.”

“இதுல கூரை இருக்கே.”

“அதே கூரைதான் சார். நீங்கதான உள்ள வைக்கச் சொன்னீங்க.”

“அம்மா, உரிமையாளர் சொல்றது வெறும் சொல்லு” என்றார் பராயோலா. “நான் பாக்கறது கூரை வச்ச சாதாரணக் காரு. இந்த மாதிரி நூறு காரு தெருவுல கிடக்கும். அரசி வந்த காரு காணாமப் போயிருக்கு. அந்த இடத்துல எவனோ இந்தக் குப்பையைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான்.”

சுல்மா வாயைத் திறந்தாள். மூன்று மாதமாக உண்மையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு கணம் யோசித்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு, மிக மரியாதையாக, இந்தக் குப்பையை நான் என்ன செய்வது என்று கேட்டாள்.

நினைவுச் சின்னத்தின் இடத்தை ஆக்கிரமித்திருக்கும் சாதாரண வாகனத்தை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று பராயோலா உத்தரவு போட்டார். ஐம்பது வயது தாண்டினது போலத் தெரிகிறதே, விற்க ஆணையத்தின் தாள் வேண்டாமா என்றாள் சுல்மா. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இதற்கு மாண்பு எதுவும் இல்லை, எக்கேடோ கெட்டுப் போகட்டும், ஆட்சேபணை இல்லை என்று அங்கேயே எழுதி முத்திரை குத்தினார். சுல்மா குனிந்து முதுகைக் கொடுத்தாள். இந்த முறை அவளுக்கு முதுகு வலிக்கவே இல்லை.

நோட்டரி மூன்று மணிக்குப் பத்திரம் எழுதினார். நாலு மணிக்குக் காபினோ பழைய கம்பெனி நண்பர்களை வைத்துக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். கோழி அட்டையில் சொன்னபடி ஷெட்டிலேயே தங்கியது. சுல்மா அன்று சாயங்காலம் முப்பத்தெட்டு வருஷத்து ஆவணத்தையெல்லாம் கூட்டி வாரிக் குப்பையில் கொட்டினாள். மறுநாள் அடுப்பு உள்ளே வந்தது. அந்த வாரம் முழுக்க மழை.

ஆணையம் காரைத் தேடிக்கொண்டே இருந்தது. எல்லைச் சாவடிகளுக்குத் தகவல் போனது. வெண்கலப் பலகையின் கீழே ‘தற்சமயம் காணவில்லை’ என்று சின்னதாக இன்னொரு பலகை பதித்தார்கள். கார் இருந்த இடம் காலி இடமாகவே பாதுகாக்கப்பட வேண்டும் என்று முதலில் நினைத்தார்கள், பிறகு அங்கே அடுப்பு எரிவதைப் பார்த்து, அந்த வெப்பம் காலி இடத்தைக் கெடுக்காது என்று விட்டுவிட்டார்கள். லாமாஸ் மூன்று தோர்த்தா ஃப்ரீத்தா தின்ற பிறகு எடுத்த முடிவு அது.

அடுத்த வருஷம் அக்டோபரில், பாரம்பரிய தினத்தன்று, லாமாஸ் தானே வந்து காணாமல் போன காரின் இடத்தில் நின்று உருக்கமாகப் பேசினார். வந்தவர்கள் காலி இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆளுக்கு நாலு வாங்கித் தின்றார்கள். பேச்சு முடிந்ததும் வானம் பொத்துக்கொண்டது. மோண்டெவிடியோ பஸ், ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறியதால், நெடுஞ்சாலை முக்கிலேயே நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த நேரத்தில் காபினோ தன் நீலக் காரை, எஞ்சின் பூனை மாதிரி முனக, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் தினமும் அந்த நேரத்துக்கு அரை டஜன் வாங்க வருகிறவன்தான்.

“நான் கொண்டுபோய் விடறேன் சார், ஏறுங்க” என்றான்.

லாமாஸ் பின் இருக்கையில் ஏறி, நாலு ஓட்டையை அடைத்த ரப்பர் மூடிகளின் மேல் ஷூவை வைத்துக்கொண்டார். ஃபிளாஸ்கை அக்குளில் சரிசெய்தார். கூரையின் ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி ஓடிய வெல்டிங் தழும்பை அண்ணாந்து பார்த்தார்.

“ஓடற காரு” என்று காபினோவிடம் வருத்தமாகச் சொன்னார். “எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?”

சுல்மா சூடான பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார், கண்கூடக் கலங்கியிருந்தது.

“எங்க காரு எப்பவாவது உங்க கண்ணுல பட்டா, உடனே எனக்குத் தகவல் சொல்லணும்மா.”

“கண்டிப்பா சொல்றேன் ஆர்க்கிடெக்ட் சார்” என்றாள் சுல்மா. அவருடைய கோட்டு நுனி கதவிடுக்கில் சிக்காமல் உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினாள்.